நீர்க்கடுப்பு: வெறும் ‘சூடு’தானா, இன்ஃபெக்‌ஷனா?

சிறுநீர் போகும்போது எரிச்சல் என்றாலே நம்ம வீடுகளில் வரும் முதல் பதில், “உடம்புல சூடு, இளநீர் குடி.” பாதி சரிதான். வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகி லேசாகக் கடுக்கும். தண்ணீர் குடித்தால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால், எரிச்சல் மறுநாளும் தொடர்ந்து, அடிக்கடி முட்டிக்கொண்டு வந்து, போனால் நாலு சொட்டுதான் வருகிறது என்றால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று. டாக்டர்கள் ‘யுடிஐ’ என்பார்கள்.

நம் சிறுநீரகங்கள் ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. கிட்டத்தட்ட 99% உடலுக்கே திரும்பிவிட, மிச்சம் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர். அது வெளியேறும்போது வழியில் ஒட்டியிருக்கும் கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகிறது. ஆபீஸ் டாய்லெட் பிடிக்காமல் வீட்டுக்கு வரும்வரை அடக்கினால் இந்தக் கழுவல் நடக்காது. அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களிடம் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

பெரும்பாலும் காரணம், நம் குடலிலேயே வாழும் இ.கோலை பாக்டீரியா. சிறுநீர் வெளியேறும் குழாய் பெண்களுக்கு சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. பெண்களுக்கு இது அதிகம் வர இந்தத் தூரம் ஒரு முக்கியக் காரணம். ‘சுத்தமா இல்லை’ என்று அவர்கள்மீது பழி போடுவது அநியாயம்.

சிக்கல் மெடிக்கல் ஷாப்பில் ஆரம்பிக்கிறது. நாமே கேட்டு வாங்கி இரண்டு ஆன்டிபயாடிக் போட்டால் எரிச்சல் அடங்கலாம்; கிருமி முழுசா ஒழிந்ததாக அர்த்தமில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கு இந்தியாவில் இ.கோலை பெருமளவு பழகிவிட்டது. எந்த மருந்து கேட்கும் என்று காட்டுவது யூரின் கல்ச்சர் டெஸ்ட். ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகும். சாம்பிளை மட்டும் முதல் மாத்திரைக்கு முன்பே கொடுத்துடணும்.

தொற்று மேலே ஏறி சிறுநீரகத்தைத் தொட்டால் குளிர்காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி வரும். அப்போது கூகுள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆண்கள் இதுவரை காத்திருக்கவே வேண்டாம். எரிச்சல் தொடங்கியதுமே டாக்டரைப் பார்க்கணும்.