அடக்க விலையா, விற்கிற விலையா?

ஐரோப்பாவில் மலிவு விலைக்குப் பேர்போன சூப்பர் மார்க்கெட் லிடில். ஜெர்மனியின் நெக்கர்சுல்ம் ஊரில் தலைமையகம், 10,000-க்கும் மேற்பட்ட கடைகள். பைசா பைசாவாக மிச்சம் பிடித்தே வளர்ந்த நிறுவனம் அது. 2018 ஜூலையில், ஏழு ஆண்டுகளாக நடந்த ஒரு மென்பொருள் திட்டத்தை அது இழுத்து மூடியது. ஜெர்மன் பத்திரிகைகளின் கணக்குப்படி, அதற்குள் செலவாகியிருந்தது ஏறத்தாழ 50 கோடி யூரோ.

திட்டத்தின் பெயர் எல்விஸ். பாடகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீளமான ஜெர்மன் பெயரொன்றின் சுருக்கம். லிடில் தனக்குத் தானே எழுதி, பல ஆண்டுகளாக ஒட்டுப்போட்டு ஓட்டிவந்த சரக்குக் கணக்கு மென்பொருளைக் கழற்றிவிட்டு, எஸ்ஏபி நிறுவனத்தின் சில்லறை வணிக மென்பொருளைப் பொருத்துவதுதான் வேலை. ஐபிஎம்மிலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் 1972-ல் தொடங்கியது எஸ்ஏபி. அதுவும் ஜெர்மன் நிறுவனம்தான், தலைமையகமும் அதே மாநிலத்தில். ஆக, மொழி புரியவில்லை, தூரம் அதிகம் என்றெல்லாம் சாக்குச் சொல்ல வழியில்லை.

சிக்கலுக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அதிகம் பேசப்பட்டது ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட் போதும்.

கடைக்காரர் 20 ரூபாய்க்கு வாங்கி 25 ரூபாய்க்கு விற்கிறார். அலமாரியில் 100 பாக்கெட் இருக்கிறது. கையிருப்பின் மதிப்பு 2,000 ரூபாயா, 2,500 ரூபாயா? எஸ்ஏபி மென்பொருளின் வழக்கம், விற்கிற விலையில் கணக்கிடுவது. லிடிலின் வழக்கம், அடக்க விலை. சனிக்கிழமை தள்ளுபடி போட்டு 23 ரூபாய் ஆக்கினால், முதல் முறையில் கையிருப்பின் மதிப்பு அன்றே 200 ரூபாய் இறங்கும். இரண்டாவது முறையில் ஒரு பைசாகூட அசையாது. இரண்டுமே சரியான கணக்குதான்.

ஆனால் இது திரையில் ஒரு பொத்தானை மாற்றுகிற காரியமல்ல. கொள்முதல், கிடங்கு, கடைக்கு அனுப்பும் சரக்கு, இருப்பு எடுப்பது, பேரேடு என எல்லாவற்றுக்கும் அடியில் அந்த விலை ஓடுகிறது. லிடில் தன் வழக்கத்தை விட மறுத்தது; மென்பொருளைத் தனக்கேற்ப வெட்டி ஒட்டச் சொன்னது. கன்சல்டன்டுகள் ‘கஸ்டமைசேஷன்’ என்று சாதாரணமாகச் சொல்லும் இந்த வேலை, ஓரிடத்தில் கைவைத்தால் ஒன்பது இடத்தில் பிதுங்கும். செருப்புக்கேற்பக் காலை வெட்டிக்கொள்வதா என்று லிடில் நினைத்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் செருப்பு வாங்கும் முன்னரே கேட்டிருக்க வேண்டும். ஆஸ்திரியா, வட அயர்லாந்து, அமெரிக்கக் கடைகளில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகுதான் மொத்தமும் நின்றது.

வாங்கும் முன்பே இப்படிக் கேட்கும் வேலைக்குத்தான் ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்று பெயர். நிறுவனம் முழுவதற்கும் ஒரு வரைபடம் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம். ஐபிஎம்மில் இருந்த ஜான் சாக்மன் 1987-ல் எழுதிய கட்டுரையில், கட்டடக் கலையிலிருந்தே உவமையை எடுத்தார். வீட்டுக்காரருக்குக் காட்டும் படம் வேறு, கொத்தனார் கையில் இருக்கும் படம் வேறு. ஆனால் வீடு ஒன்றுதான். நிறுவனத்துக்கும் அப்படி அடுக்கடுக்காகப் படங்கள் வேண்டும் என்றார் அவர். எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, அதை யார் திருத்தலாம், திருத்தினால் வேறு எங்கெல்லாம் எதிரொலிக்கும் என்பதெல்லாம் அதில் வரும். அலுப்பான வேலை. அதிகாரிகள் கூட்டத்தில் இதற்குக் கைதட்டு விழாது. அழகான டெமோவுக்குத்தான் விழும்.

வரைபடத்தில் ஏறாத விஷயம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க மிட்டாய் நிறுவனம் ஹெர்ஷியைப் பார்க்கலாம். 11.2 கோடி டாலர் செலவில் மூன்று மென்பொருள்களை ஒரே மூச்சில், 1999 கோடையில் இயக்கிவைத்தார்கள். சில மாதங்களில் ஹாலோவீன், மிட்டாய்க்காரர்களின் தீபாவளி. ஆர்டர்கள் குவிந்தன. சரக்கும் இருந்தது, ஆனால் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. சீசனில் கிடைத்த காலி இடத்திலெல்லாம் பெட்டிகளை அடுக்கிவைப்பது அங்கே பழைய பழக்கம் என்றும், அந்த இடங்கள் புதிய மென்பொருளில் கிடங்காகப் பதிவாகவே இல்லை என்றும் பின்னர் வந்த விவரிப்புகள் சொல்கின்றன. பெட்டி எங்கே என்று ஊழியருக்குத் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அப்படியொரு பெட்டியே கிடையாது.

லிடிலில் அடக்க விலைப் பழக்கம் உண்மையிலேயே தொழில் பலமா, வெறும் பழக்கமா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. போட்டியில் லிடிலை நிலைநிறுத்தியது குறைந்த விலையும் குறைவான ரகங்களும்; பேரேட்டின் முறை அல்ல. நிறுவனம் அப்படி நினைக்கவில்லை. இலக்கை நியாயமான செலவில் எட்ட முடியாது என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டு, கழற்றிவிட நினைத்த அந்தப் பழைய மென்பொருளையே புதுப்பித்து ஓட்டுவது என்று முடிவெடுத்தது.