சுரத்தை எழுதினால் பாடும் செல்போன்!

வீணையோ ஆர்மோனியமோ வாங்க வசதி இல்லை. பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கவும் வழி இல்லை. கும்பளங்கியிலும் மட்டாஞ்சேரியிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். ஆனால் செல்போன் இல்லாத வீடு உண்டா? அந்தச் செல்போனே இன்று வாத்தியமாகிறது.

எப்படி? செய்தி படிக்கவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் பயன்படும் பிரவுசருக்குள்ளேயே ஒலி எழுப்பும் வசதி இருக்கிறது. அதற்கு 'வெப் ஆடியோ' என்று பெயர். இதன் முதல் வரைவு 2011-ல் வெளியாயிற்று. 2021 ஜூனில் உலகத் தரமாக அங்கீகாரம் பெற்றது.

சுரம் எண்ணாகிறது

நாதம் என்பது அதிர்வு. ஷட்ஜத்தை நொடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், பஞ்சமம் 360. மேல் ஷட்ஜம் 480. இந்த எண்களையும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதையும் நாலைந்து வரிகளில் எழுதிக் கொடுத்தால் பிரவுசர் வாசித்துவிடும். இந்தக் கட்டளைகளுக்குத்தான் நிரல் என்று பெயர்.

2022-ல் அலெக்ஸ் மெக்லீனும் ஃபெலிக்ஸ் ரூஸும் தொடங்கிய 'ஸ்ட்ரூடல்' இதை இன்னும் எளிதாக்கியது. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத்தை மாற்றலாம்; இசையும் மாறும். காசு கிடையாது. இதன் எழுத்துமுறைக்கு ஒரு வேர் நம் நாட்டில் இருக்கிறது. லக்னோ தபலா மேதை அஃபாக் உசேன் கானின் வாசிப்பை ஆராய, 1980-களில் ஜிம் கிப்பனும் பெர்னார்ட் பெல்லும் கையாண்ட 'போல் பிராசசர்' தான் அது. நம் கொன்னக்கோல் சொற்களைப் போன்ற தபலாச் சொற்களே அதற்கு எழுத்து.

கமகம் எங்கே?

சுரத்தை எழுதினால் சங்கீதம் வந்துவிடுமா? வராது. ராகத்தின் உயிர் சுரங்களுக்கு நடுவே ஓடும் அசைவில், அதாவது கமகத்தில் இருக்கிறது. இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டவர் ஸ்ரீகுமார் சுப்பிரமணியன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த அவர், சகானா ராக வர்ணம் ஒன்றின் வீணை வாசிப்பை அலசி, வெறும் சுரக் குறிப்பிலிருந்து கமகத்தை வருவிக்க வழி தேடினார். பிரவுசர் இசைக்கு உதவுமா என்பது பற்றி லான்ஸ் வைஸுடன் சேர்ந்து 2013-ல் கட்டுரையும் எழுதினார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. விதியை எழுதுமுன், வித்துவானின் வாசிப்பைக் கேட்க வேண்டியிருந்தது. காதுதான் முதல், கருவி அப்புறம்.

நம் பிள்ளைகளுக்கு

கேரளப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் மாணவர்கள் நிரல் எழுதப் பழகுகிறார்கள். இங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நிரல் பள்ளியில் கிடைத்துவிடும். பாட்டியின் தாலாட்டும், கோயில் நாதஸ்வரமும், ஊர்த் திருவிழா நையாண்டி மேளமும் வீட்டார் கேட்கச் செய்தால்தான் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை 240, 270, 300, 360, 400, 480 என்ற எண்களை ஸ்ட்ரூடலில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மோகன ராக ஆரோகணம் ஒலிக்கும். சத்தம் வரவில்லை என்று பதற வேண்டாம்; பக்கத்தை ஒரு முறை விரலால் தொட்ட பிறகே ஒலியை அனுமதிப்பது பிரவுசரின் வழக்கம். பிறகு அதே சுரங்களை வீட்டுப் பெரியவர் ஒருவர் பாடட்டும். செல்போன் எதை விட்டுவிட்டது என்று பிள்ளை சொல்லிவிட்டால், முதல் பாடம் முடிந்தது!