கியர் பாக்ஸைத் திறக்கும் முன்

எங்கள் தெருத் தம்பி ஒருவர் தன் அப்பாவின் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து டீக்கடை வாசலில் நிறுத்தினார். 350 சிசி, நாலு கியர், வலது காலில் கியர். திருவொற்றியூர் ஆலையில் தயாரான வண்டி. "அண்ணே, ஃபர்ஸ்ட் போட்டா கடக்குன்னு அடிக்குது. சிக்னல்ல நின்னா நியூட்ரல் விழ மாட்டேங்குது. கியர் பாக்ஸை இறக்கணும்னு சொல்றாங்க" என்றார். இரண்டு டீ சொல்லிவிட்டு, வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னேன்.

அவர் சொன்ன இரண்டு கோளாறுமே பெரும்பாலும் கியர் பாக்ஸுக்கு வெளியில் பிறப்பவை. கிளட்ச் லிவரைப் பிடித்ததும் இன்ஜினின் ஓட்டம் கியர் பாக்ஸுக்குப் போவது முழுக்க நின்றுவிட வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் உள்ளே ஒரு பல் சுற்றிக்கொண்டிருக்கும், அது சேர வேண்டிய பல் நின்றுகொண்டிருக்கும். அந்த மோதல்தான் "கடக்". நியூட்ரலிலும் இதே கதைதான்: இழுவை இருக்கும்வரை பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், காலால் பிரிக்க முடியாது.

இது உண்மைதானா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே கியரைப் போட்டுப் பாருங்கள். ஃபர்ஸ்ட் மேலே, மற்ற மூன்றும் கீழே. சக்கரத்தைச் சுற்றாமல் மிதித்தால் பல்லுக்கு நேராகப் பல் நின்று கியர் விழாது. பலர் இங்கேதான் பயந்து, பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். சக்கரம் சுற்றும்போது நாலும் வெண்ணெய் மாதிரி விழுந்தால் பாக்ஸின் மேல் பழி போட வேண்டாம். தம்பியின் வண்டியில் நாலும் விழுந்தன.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய புல்லட்டில் கிக்கரின் உதை, கியர் பாக்ஸ் வழியாகக் கிளட்ச்சைத் தாண்டித்தான் இன்ஜினுக்குப் போகும். அதனால் கிக்கரே கிளட்ச்சுக்கு நாடி பார்க்கும் கை. நியூட்ரலில் வைத்து, சாவியை அணைத்து, கிளட்ச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதியுங்கள். இன்ஜின் அசையாமல் கிக்கர் மட்டும் இலேசாக இறங்கினால் கிளட்ச் விடுகிறது. கம்ப்ரஷன் காலில் தட்டினால் விடவில்லை. கிளட்ச்சைப் பிடிக்காமலே கிக்கர் சும்மா வழுக்கி இறங்கினால் அது எதிர் நோய், கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. தம்பியை மிதிக்கச் சொன்னேன். பாதியில் கம்ப்ரஷன் தட்டியது. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். இராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிளேட்டுகள் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் இப்படியே நாலைந்து முறை மிதித்துப் பிரித்துவிடுவது நல்ல பழக்கம்.

கிளட்ச் ஏன் விடாமல் போகிறது? முதலில் கேபிள். லிவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிளே போதும். அதற்கு மேல் லூஸாக இருந்தால் பிளேட் முழுக்கப் பிரியாது. பிளேயே இல்லாமல் இழுத்து வைத்தால் பிளேட் வழுக்கிக் கருகும். ஆனால் கேபிளை மட்டும் திருகிக்கொண்டே போவது பாதி வேலை. வலது பக்கம் கியர் பாக்ஸ் கவரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் ஒரு ஸ்குரூவும் லாக் நட்டும். கியர் பாக்ஸின் நடுவே ஊடுருவிப் போகும் புஷ் ராடைத் தள்ளுவது அந்த இடம்தான். ராட் தேயத் தேய அங்கேதான் முதலில் சரி செய்ய வேண்டும், கேபிள் அப்புறம்.

அதுவும் சரியாக இருந்தால் இடது பக்கச் செயின் கவர். உள்ளே ஊற்றியிருக்கும் எண்ணெய் மிகக் கெட்டியா, பிரைமரி செயின் விறைத்து நிற்கிறதா, கிளட்ச்சைப் பிடிக்கும்போது பிரஷர் பிளேட் ஒரே மட்டமாக வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்பிரிங்குகளைச் சந்தேகிக்கலாம்.

இனி கியர் பெடல் பக்கம். கியர் போட்ட பிறகு பெடல் நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒரு திசையில் கியர் நன்றாக விழுந்து, மறு திசையில் எட்டாமல் நடுவே ஃபால்ஸ் நியூட்ரலில் நின்றால், பெடல் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடைத் தகடு நகர்ந்திருக்கும். வெளிக் கவரைக் கழற்றினால் தெரியும். நட்டைத் தளர்த்தும் முன் தகடு இருக்கும் இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மயிரிழை நகர்த்தினாலே வித்தியாசம் வரும். இடது காலுக்கு மாற்றிய வண்டி என்றால், குறுக்கே போகும் ராடின் மூட்டுகளில் உள்ள ஆட்டத்தை முதலில் பாருங்கள். காலின் அழுத்தத்தில் பாதியை அதுவே தின்றுவிடும்.

குதிகாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லிவர், நியூட்ரல் ஃபைண்டர். நாலிலோ மூன்றிலோ இரண்டிலோ இருக்கும்போது கிளட்ச்சைப் பிடித்து அதை மிதித்தால் நேராக நியூட்ரல். ஃபர்ஸ்டிலிருந்து வேலை செய்யாது, அது கோளாறு இல்லை. தம்பியின் வண்டியில் அந்த லிவரின் நுனி, அவர் அப்பாவின் குதிகால் பட்டுப் பட்டு, பழைய நாணயம் போல மழுங்கிப் பளபளத்தது. லிவர் நியூட்ரலைத் தாண்டிவிட்டாலோ எட்டாவிட்டாலோ, கவரின் முன்பக்கம் அது முட்டி நிற்கும் தடையைப் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினால் சரியாகும்.

ஒன்றுக்கு மட்டும் நான் பாக்ஸைத் திறக்கச் சொல்வேன். ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஏறும்போது விழுந்த கியர் தானே தெறித்து வெளியே வந்தால், பெரும்பாலும் பல் விளிம்புகள் உருண்டிருக்கும் அல்லது கியரை நகர்த்தும் கவை தேய்ந்திருக்கும். அதற்கு வெளியே செய்ய ஒன்றும் இல்லை.

தம்பியின் வண்டிக்குக் கேபிளும் புஷ் ராடும் சரி செய்து பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மறுநாள் செயின் கவரைக் கழற்றி, ஸ்டீல் பிளேட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தோம். இரண்டு பிளேட்டுகள் அப்பளம் போல் வளைந்து, விரல் வைத்த பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழுந்தன.