அன்று தவணையில் வாங்கிய கார், இன்று ஏலத்தில்: 'மஸில் கார்' ஏக்கம் ஏன்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே உட்வர்ட் அவென்யூ சாலையில், ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் பழைய கார்கள் அணிவகுக்கின்றன. 1960-களில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் ரேஸ் விட்ட அதே சாலை. இப்போது ஓட்டுபவர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது.

மஸில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவு காருக்குள் பெரிய காரின் வி8 இன்ஜின். அவ்ளோதான். 1964-ல் பான்டியாக் நிறுவனம், டெம்பஸ்ட் காரில் 6.4 லிட்டர் இன்ஜினைப் பொருத்தி 'ஜிடிஓ' என விற்றது. கூடுதல் விலை சுமார் 300 டாலர்தான். வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் தவணையில் வாங்கினார்கள். வார நாளில் வேலைக்கும், லீவு நாளில் கால் மைல் ரேஸுக்கும் ஒரே கார்.

ஏன் மறைந்தன?

இன்சூரன்ஸ் கட்டணம் எகிறியது. 1970-ல் வந்த காற்றுத் தூய்மைச் சட்டம் புகைக்குக் கட்டுப்பாடு போட்டது. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் பங்க்குகளில் கியூ நீண்டது. கல்யாணம், குழந்தை என்று ஆனதும் பலர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது என்ன விலை?

2014-ல், 1971 மாடல் பிளைமவுத் ஹெமி குடா கன்வெர்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அபூர்வ ரகம். சாதாரண மாடல்களும் மலிவாக இல்லை.

இன்றைய வேகமான மின்சார கார்கள் இவற்றை அசால்ட்டாக முந்திவிடும். ஆனால், பானெட்டைத் திறந்து, ஸ்பேனரோடு கார்புரேட்டரைத் தானே டியூன் செய்த சுகம் அதில் இல்லையே! அந்த சுகத்தை மறுபடி வாங்க, பலர் ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்க வேண்டியிருக்கிறது.