கடலோரச் சுவர் கட்டியவருக்கு ஒரு பாராட்டு

தூத்துக்குடியில் தோணிச் சரக்கு ஏற்றும் நம் வியாபாரிகள் பலர், எங்கள் கிட்டங்கியின் கடலோரச் சுவரைக் கட்டிய காண்டிராக்டரைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

மற்றவர்கள் மேலே தெரிந்த விரிசலைப் பூசவே விலை சொன்னார்கள். இவர் நீர் வற்றிய நேரம் பார்த்து இறங்கி, அலை அடிமண்ணை அரித்திருப்பதைக் காட்டினார். அங்கே பெருங்கற்களை அடுக்கினார். உப்பேறிக் கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும் என்று, கம்பிக்கு மேல் நிற்கும் கனத்தைத் தாமே அளந்து பார்த்தார். கலவைக்கு நல்ல தண்ணீர் லாரியில் வந்தது. அந்தச் செலவு எனக்குக் கசந்ததும் உண்மை. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வடியத் துளைகளும் விட்டார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் கிட்டங்கியைச் சூழ்ந்த வெள்ளம் அத்துளைகள் வழியே கடலுக்கு வடிந்தது. சுவர் அசையவில்லை. பார்க்க விரும்புவோர் நீர் வற்றும் வேளையில் வரலாம்.