காரையில் மழை செய்த வேலை

காரைக்கு நடக்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது, அது பாலைவனம் இல்லை என்பதுதான். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஞாயிறு மாலை தே ஹாலியா என்னும் இஞ்சித் தேநீர் குடிக்க நாங்கள் உட்காரும் மேசையில் இதைச் சொன்னபோது, உடனே ஒரு கைப்பேசி முன்னால் நீண்டது. படத்தில் மஞ்சளும் சாம்பலும் கலந்த மண். புல் பூண்டு கிடையாது. வரிவரியாக அரித்த மேடுகள், நடுவே ஆள் மறையும் ஆழத்துக்கு வளைந்து போகும் ஓடைகள். மேலே கொட்டை எழுத்தில் 'தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்'.

"இது பாலைவனம் இல்லேன்னா வேற என்னண்ணே?" என்று கேட்டார் கைப்பேசிக்காரத் தம்பி. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். மெக்ரிட்சியும் புக்கித் தீமாவும் நடந்து சலித்துவிட்டார். புக்கித் தீமா உச்சியே 163 மீட்டர்தானே, சலிக்காமல் என்ன செய்யும்? உறவில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போகிறவர், ஒரு நாளைக் காரைக்கு ஒதுக்கியிருந்தார்.

காரை, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூருக்குக் கிழக்கே, கொளக்காநத்தம் பக்கம். அந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 முதல் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தார்ப் பாலையின் ஜெய்சல்மேருக்கு 200 கிடைப்பதே அரிது. பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போன மண். மழை கிடைக்கும் அப்படியொரு மாவட்டத்துக்குள் ஒரு பொட்டல் இருக்கிறதென்றால், தண்ணீர் வராததால் அது பொட்டலாகவில்லை. தண்ணீர் வந்து வந்துதான் அப்படி ஆனது.

எப்படி என்று நான் விளக்குவதற்குள், கொளக்காநத்தம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பேச்சை எடுத்துக்கொண்டார். இங்கே கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர், சில ஞாயிறுகளில் எங்களோடு உட்காருவார். "சைட்டுல மண்ண வெட்டி சும்மா போட்டு வையுங்க. ஒரு மழை போதும், கோடு கோடா அறுத்துரும். அதான் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்றாங்க" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. சிங்கப்பூரில் திறந்த மண் சரிவை மூடி வைக்க வேண்டும், கலங்கல் நீரைத் தெளியவைத்துத்தான் வடிகாலில் விட வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் கலந்திருந்தால் பொதுப் பயனீட்டுக் கழகம் விடாது. இத்தனை கட்டுப்பாடும் எந்த வேலையைத் தடுப்பதற்கோ, அந்த வேலையைக் காரையில் மழை தடையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

அங்கே இருப்பது ஈரம் பட்டால் உப்பும் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பெய்யும்போது மேல்தோல் சில நிமிடங்களில் உப்பி, துளைகளை அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு விழும் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடுகிறது. ஓடும்போது மண்ணைச் சுரண்டிக்கொண்டு போகிறது. மழை நின்றதும் வெயில். உப்பியது சுருங்கி, வெடித்து, பொரிந்த பொருக்காகக் கிடக்கும். அடுத்த மழைக்கு வாரிப் போக அந்தப் பொருக்கு தயார். இடையில் ஒரு விதை விழுந்து வேர்விட்டாலும், வெடிக்கும் மண் வேரை அறுத்துவிடும், அல்லது விதையோடு மேல்மண்ணே போய்விடும். செடி இல்லாததால் அரிக்கிறது, அரிப்பதால் செடி வருவதில்லை.

மற்றப் பள்ளத்தாக்குகளோடு இதைச் சேர்த்துப் பேசுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் கண்டிக்கோட்டை இருக்கிறதே, அது பென்னா ஆறு மிகப் பழைய, மிகக் கடினமான பாறையை நெடுங்காலம் அறுத்து உண்டாக்கியது. கொலராடோ ஆறு அமெரிக்காவில் வெட்டியது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அதன் பக்கத்தில் காரை ஒரு சின்னக் கீறல்தான். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடு செக்கச்செவேல் என்று இருந்தாலும் அது காற்று கொண்டுவந்து குவித்த மணல். காரைக்கு ஆறும் வேண்டாம், காற்றும் வேண்டாம். பெரிய பெயரை ஒட்டிவிட்டதால் என்ன ஆகிறதென்றால், பெரிய ஆழத்தை எதிர்பார்த்துப் போகிறவர் அரை மணியில் படம் எடுத்துவிட்டு "அவ்வளவுதானா" என்று திரும்புகிறார். பார்க்க வேண்டியது அவர் காலடியிலேயே கிடக்கிறது.

அந்தக் களிமண் கடலில் படிந்தது. இன்று அங்கிருந்து வங்கக் கடற்கரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஆனால் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென்கண்டங்களிலிருந்து பிரிந்து வந்த காலத்தில், கடல் இங்கே உள்வரை ஏறி நின்றது. அதன் அடியில் படிந்த வண்டலில் அம்மோனைட்டுகள் புதைந்தன. அவை சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்தவை. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமங்களில் தெரியும் சுருளும் இந்தக் குலத்தின் எச்சம்தான். பெலம்னைட் என்று இன்னொன்று. துப்பாக்கித் தோட்டா வடிவில் கல்லாகக் கிடக்கும். அது ஓடு இல்லை; கணவாய் போன்ற உடலுக்குள் இருந்த கடினப் பகுதி. "நம்ம சோத்தோங்கா!" என்றார் தம்பி. சோத்தோங்குக்குத் தூரத்துச் சொந்தம், ஆமாம். இரண்டு குலமும் டைனோசர்களோடு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. மண்ணுக்குள் வெள்ளை நரம்பாக ஓடி வெயிலில் மினுக்குவது ஜிப்சம். அது சிமெண்டுக்குத் தேவைப்படும் பொருள்.

வெள்ளைக்காரர்கள் இந்தப் புதைபடிவங்களை 1840களிலேயே கவனித்துவிட்டார்கள். கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து அனுப்பியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து 1846இல் எழுதினார். 1860களில் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதி முழுவதற்கும் நிலவியல் வரைபடம் போட்டார். அவர் வகுத்த அடுக்குத் தொகுதி ஒன்றுக்கு அருகிலிருக்கும் ஊட்டத்தூரின் பெயர். இந்தியாவின் கிரெட்டேசியக் காலத்தைப் படிக்கிறவர்கள் அந்தச் சின்ன ஊரின் பெயரை உச்சரிக்காமல் தப்ப முடியாது. உள்ளூரில் பாதிப்பேருக்கு இது தெரியாது. 2020இல் அதே மாவட்டத்தில் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்தது என்று சமூக ஊடகங்கள் கூத்தாடின. நிபுணர்கள் போய்ப் பார்த்தால் அம்மோனைட்டைச் சுற்றி உருண்டு இறுகிய வண்டல் கட்டிகள். முட்டை இல்லை என்றதும் ஆர்வம் வடிந்துவிட்டது. எனக்கு அந்தக் கட்டிகளே போதும்.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். நாங்கள் தே குடித்துக்கொண்டிருந்த இந்த இடமும் கடல் களிமண் மேல்தான் நிற்கிறது. ஜாலான் புசார் ஒருகாலத்தில் சதுப்புநிலம். காலாங் படுகையின் மென்மையான களிமண், கடைசிப் பனிக்காலம் முடிந்து கடல் ஏறியபோது படிந்தது. அதன் மேலடுக்கின் வயது ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுக்குள்தான். அடுக்கு மாடிகள் அதன் மேல் நேராக நிற்கவில்லை, ஆழத்தில் கடினமான அடி தொடும் தூண்களின் மேல் நிற்கின்றன. காரைக் களிமண் அதைப் போலப் பத்தாயிரம் மடங்கு மூப்பு. அவ்வளவு மூத்தும் மழைக்கு இன்னும் கரைகிறது.

இனி, காரையில் நடப்பதைப் பற்றி. பாதை கிடையாது, நிழல் கிடையாது, உள்ளே குடிதண்ணீர் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டராவது தூக்கிக்கொண்டு விடியலிலேயே இறங்கி, பத்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் போவது வீம்பு. காய்ந்த சரிவில் அந்தப் பொருக்கு கால் வைத்ததும் உருளும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுவோம். முகட்டின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், கீழே மண் அரித்துப்போய் மேலே தோல் மட்டும் நிற்கலாம். எல்லா ஓடையும் ஒரே மாதிரி இருப்பதால் திசை தப்பும். ஊரில் ஒரு வார்த்தை கேட்டு, வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருக்குரிய கூலியைக் கொடுத்துப் போவதே முறை. ஆடு மேய்ப்பவர்களை விட அந்த ஓடைகளை அறிந்தவர் இல்லை.

புதைபடிவங்களைப் பொறுக்காதீர்கள். அடுத்த மழையில் போகிற கல்தானே என்பார்கள். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு ஆய்வாளர் எடுத்தால் அது சான்று. நம் வீட்டு அலமாரிக்கு வந்தால் வெறும் கூழாங்கல். எடுத்தே தீர வேண்டும் என்றால் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து.

தம்பி போகும் கல்யாணம் டிசம்பரில். மழைக்காலத்தின் வால் அது. ஈரக் களிமண் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும், சரிவில் நிற்கவே விடாது. முந்தைய இரண்டு மூன்று நாளில் மழை பெய்திருந்தால் காரையை விட்டுவிட்டு, அதே வட்டத்தில் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் போங்கள். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. காரைக்கு ஜனவரி கடைசியில் இன்னொரு டிக்கெட் போட்டுக்கொள்ளலாம். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது.