சுரங்கத்து வீட்டுப் பிள்ளை

நெய்வேலியில் பல வீடுகளின் கதை ஒன்றுதான். தாத்தா நிலத்தைக் கொடுத்தார், அப்பா ஷிஃப்டுக்குப் போனார், பிள்ளை ஐ.டி.ஐ. முடித்துவிட்டு காண்ட்ராக்டில் நிற்கிறான். நிலத்தை எடுத்ததும் சுரங்கம்தான், சோறு போட்டதும் சுரங்கம்தான். அதனால் முழுசாகத் திட்டவும் வாய் வராது, முழுசாகப் புகழவும் மனசு வராது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையை வரைந்துகாட்டிய ஓர் ஓவியர் இருக்கிறார். நம் ஊர்க்காரர் அல்ல. மராட்டியத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் உள்ள சாஸ்தி என்ற ஊரில் பிறந்தவர். பெயர் பிரபாகர் பச்புதே.

மூன்று தலைமுறையாக நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த குடும்பம். இவர் கைராகட்டில் சிற்பம் படித்து, பரோடாவில் முதுகலை முடித்தார். 2012-ல் மும்பை கிளார்க் ஹவுஸில் முதல் தனிக் கண்காட்சி. தலைப்பு, ‘கேனரி இன் எ கோல்மைன்’. விஷவாயு கசிகிறதா என்று பார்க்க, அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் கூண்டோடு கொண்டுபோன சின்னஞ்சிறு பறவைதான் கேனரி. அது மயங்கி விழுந்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டும். பிரிட்டனில் அந்தப் பறவைகளுக்கு விடை கொடுக்க முடிவானது 1986-ல். பச்புதே பிறந்ததும் அதே வருஷம்.

அவர் கையில் எடுத்தது கரித்துண்டு. காகிதம் போதாமல் சுவரிலேயே நேரடியாக வரைந்தார், ஆளுயரத்துக்கும் மேலே. மனித உடல் இருக்கும், தலை இருக்காது. கழுத்துக்கு மேலே விளக்கோ, கருவியோ, இயந்திரத் துண்டோ முளைத்திருக்கும். எட்டு மணி நேரம் ஒரே வேலையைச் செய்கிறவனுக்கு அந்த வேலையே தலையாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? சில உருவங்களை அனிமேஷனாக்கிச் சுவரோவியத்தின் நடுவே நடக்கவிட்டார். கண்காட்சி முடிந்தால் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார்கள், அவ்வளவுதான். விற்கக்கூடிய சரக்கை மட்டுமே கலை என்று நம்புகிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். எனக்கு அதுதான் பிடித்தது. வரைந்த இடம் காணாமல் போவது சுரங்கத்து ஊர்க்காரருக்குப் புதிதா என்ன?

2014-ல் கொச்சி பினாலே, அதே ஆண்டு பிரேசிலின் சாவ் பாவ்லோ, அடுத்த ஆண்டு இஸ்தான்புல் என்று அவருடைய சுரங்கத் தொழிலாளிகள் ஊர் ஊராகப் போனார்கள். பிறகு வேல்ஸ். ஒரு காலத்தில் நிலக்கரியாலேயே வாழ்ந்து, சுரங்கங்கள் மூடப்பட்டு நொடித்த நாடு அது. அங்கே தொழிற்சங்கங்கள் ஊர்வலத்தில் தூக்கிச் சென்ற துணிப் பதாகைகள் அவரை ஈர்த்தன. அவற்றையும் இந்திய விவசாயிகளின் பேரணிகளையும் சேர்த்து வைத்து, பெரிய கேன்வாஸ்களில் வண்ணத்தில் வரைந்தார். ‘ஆர்ட்டெஸ் முண்டி’ பரிசுக்காக கார்டிஃபில் அவை காட்சிக்கு வந்தன. 2021-ல் அந்தப் பரிசை இறுதிச் சுற்றின் ஆறு கலைஞர்களுக்கும் பகிர்ந்தே கொடுத்தார்கள்.

அந்தக் கேன்வாஸ்களில் விவசாயியும் சுரங்கத் தொழிலாளியும் வேறு வேறு ஆட்களாகத் தெரிவதில்லை. இங்கே, நெய்வேலிக்குப் பக்கத்தில், 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஒரு பக்கம் மஞ்சள் இயந்திரம், மறுபக்கம் பச்சைப் பயிர், நடுவே போலீஸ். இரண்டு நாள் ஓடியது, அடுத்த செய்தி வந்துவிட்டது. வரப்பில் நின்று கத்திய சனத்துக்கும் உள்ளே கன்வேயர் ஓட்டுகிற ஆளுக்கும் உறவுமுறை இருக்கும் என்பதை எந்தக் கேமராவும் காட்டவில்லை. அதைக் காட்ட, இரண்டு பக்கத்திலும் சொந்தபந்தம் உள்ள ஒரு கை வேண்டும். பச்புதேயின் பலம் அதுதான். புள்ளிவிவரமோ கோஷமோ அல்ல.

நெய்வேலியில் 1956-ல் லிக்னைட் நிறுவனம் தொடங்கி, மறு ஆண்டு நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அன்று நிலம் விட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்று டவுன்ஷிப்பிலும் மந்தாரக்குப்பத்திலும் சுற்று கிராமங்களிலும் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழைநீர் சேகரிப்பும் தேசத் தலைவர்களும் ஒரு வருஷம் ஓய்வெடுக்கட்டும். ‘எங்கள் தாத்தா நிலம் இருந்த இடம்’ என்று தலைப்புக் கொடுங்கள். வண்ணப் பெட்டி வேண்டாம், ஆளுக்கு ஒரு கரித்துண்டு போதும். வருகிற படங்களை லிக்னைட் ஹாலில் மாட்டுங்கள், பார்க்க நாங்கள் வருகிறோம்.